மூடுபனி தின்ற வீடு



மழை கரைத்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்சுவர் வீடானால் அது நடக்கக் கூடியதே. ஆனால் மழைத்துளி ஒன்றுகூடப் படாமல், கதவும் சன்னலும் சாத்திய கூடத்தில், மேசையின் மேல் பத்திரமாக இருந்த ஒரு வீடு இரண்டே இரவில் இடிந்து விழுந்தது என்றால் நம்புவீர்களா? சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரில், எங்கள் அடுத்த வீட்டில் அது நடந்தது. இடிந்த வீட்டின் உயரம் ஒரு சாண். கட்டியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கட்டுமானப் பொருள்: கோதுமை மாவு, வெண்ணெய், வெல்லம், சுக்கு.

ஆம், அது இஞ்சி ரொட்டி வீடு. ஆங்கிலத்தில் இதை ஜிஞ்சர்பிரெட் வீடு என்பார்கள். பெயரில் ரொட்டி இருந்தாலும் உண்மையில் அது தடித்த பிஸ்கட்தான். சுவர்களையும் கூரையையும் தனித்தனிப் பலகைகளாகச் சுட்டு, முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்த கலவையால் ஒட்டி, கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் வைப்பார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் பல நூற்றாண்டுகளாக இத்தகைய மசாலா ரொட்டிக்குப் பேர் போனது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டுக்குள் வழி தவறிய இரு குழந்தைகள் காண்பதும் இப்படி ஒரு வீடுதான். அதன் சன்னல்கள் சர்க்கரையால் ஆனவை. நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும் ஓர் இஞ்சி ரொட்டி நகரத்தையே கட்டிக் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்த ஊர் ஓயாத மழைக்குப் பெயர் பெற்றது என்பதை நினைவில் வையுங்கள். நம் கதைக்கும் ஈரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இஞ்சி மட்டும் நம்முடையது. ஜிஞ்சர் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போன மொழியறிஞர்கள் லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் வழியாக நம் தென்னாட்டு 'இஞ்சி'யில்தான் வந்து நிற்கிறார்கள். ஆகவே நீலகிரியில் இஞ்சி ரொட்டி வீடு கட்டுவதை இரவல் பழக்கம் என்று யாரும் சொன்னால், பாதி மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்!

இனி வழக்கிற்கு வருவோம். வழக்கு என்றே சொல்கிறேன். ஏனெனில் அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. ஊட்டியில் இருந்த அவள் பெரியம்மா மகளும் அதே வாரத்தில், அதே குறிப்பைப் பார்த்து, அதே அட்டை அளவுகளை வைத்து ஒரு வீடு கட்டியிருந்தாள். அது நின்றது. இவளுடையது விழுந்தது. "சரியாக வேகவிடாமல் எடுத்துவிட்டாள், எதிலும் அவசரம்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. கிறிஸ்துமஸ் காலையில் அவள் இடிந்த வீட்டை ஒரு தட்டில் ஏந்தி என்னிடம் வந்தாள்.

"சார், குறிப்பில் சொன்னதைவிட அஞ்சு நிமிஷம் கூடத்தான் வெச்சேன். அக்காவுது மட்டும் எப்படி சார் நிக்குது?"

இடிபாட்டைப் பார்த்தேன். கூரைப் பலகை ஒன்று ஈரத்துணி போல நடுவில் தொய்ந்திருந்தது. பக்கச் சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. சர்க்கரைப் பாகு ஊற்றி அமைத்த சன்னல் கண்ணாடி பிசுபிசுத்து ஒழுகியிருந்தது. ஆனால் ஒட்டுக் கலவை மட்டும் கல்லாக இருந்தது! மூலைகளில் ஒட்டு விடவில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் பிஸ்கட்தான் கிழிந்திருந்தது. இந்த ஒரு தடயம் போதும், வழக்கின் பாதியை அவிழ்த்துவிடலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தள்ளிவிடுவோம். "மலை உயரத்தில் எதுவும் சரியாக வேகாது" என்று அவள் பாட்டி சொன்னார். அதில் உண்மை உண்டு. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே தண்ணீர் சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் கொதிநிலை இன்னும் குறைந்து 93 டிகிரிக்கு அருகில் நிற்கும். பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஆனால் பிஸ்கட் கொதிநீரில் வேகவில்லையே! அடுப்புப் பெட்டியின் வெப்பக் காற்று மலையிலும் 180 டிகிரிதான். தவிர, உயரம்தான் குற்றவாளி என்றால் முதலில் விழ வேண்டியது ஊட்டி வீடு அல்லவா? பாட்டியின் வாதம் அங்கே நிற்கவில்லை.

உயரம் வேறொரு சிறு குறும்பு செய்யும். சமையல் சோடாவிலிருந்து வரும் கரியமில வாயு, அழுத்தம் குறைந்த இடத்தில் கூடுதலாக விரிகிறது. ஐந்தில் நான்கு பங்கு அழுத்தத்தில் அதன் பருமன் ஒன்றேகால் மடங்கு. (பாயில் விதியை இங்கே போட்டுப் பாருங்கள்.) கடலோர ஊர்க் குறிப்பில் உள்ள சோடாவை அப்படியே போட்டால் சுவர் உப்பிக் கோணும். வீடு கட்டுவதற்கான மாவில் சோடாவே வேண்டாம். அவள் சோடாவைக் குறைத்துத்தான் போட்டிருந்தாள்.

பாகு என்னும் கண்ணாடி

பிஸ்கட் ஏன் மொறுமொறுப்பாக இருக்கிறது? மாவினால் என்பீர்கள். மாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் இவ்வகைப் பிஸ்கட்டின் விறைப்பில் பெரும்பங்கு சர்க்கரைக்கு. அடுப்பில் சர்க்கரை கரைந்து பாகாகி மாவுத் துகள்களுக்கிடையே பரவுகிறது. நீர் ஆவியாகி வெளியேறுகிறது. ஆறும்போது அந்தப் பாகு மீண்டும் படிகமாகாமல், கண்ணாடி போல உறைந்துபோகிறது.

கண்ணாடி போல என்பது வெறும் உவமை அன்று. படிகத்தில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கும். கண்ணாடியில் அவை சந்தைக் கூட்டம் போல ஒழுங்கின்றி நெருக்கியடித்து, அப்படியே நகர முடியாமல் நின்றுவிடும். கற்கண்டு படிகம். கடலை மிட்டாயின் பாகு கண்ணாடி. பாட்டிமார் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டு 'டங்' என்று ஒலிக்கிறதா என்று பார்ப்பார்களே, அவர்கள் சோதிப்பது பாகு கண்ணாடி நிலைக்கு வந்துவிட்டதா என்பதைத்தான்.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஆங்கிலக் குறிப்புகள் சர்க்கரைச் சன்னலுக்குப் பாகை 150 டிகிரி வரை காய்ச்சச் சொல்லும். பாகின் கொதிநிலையும் அழுத்தத்தைப் பொறுத்ததே. ஆகவே அதே கெட்டியான பாகு குன்னூரில் ஏறக்குறைய ஆறு டிகிரி முன்னதாகவே தயாராகிவிடும். வெப்பமானியை மட்டும் நம்பினால் பாகு அளவுக்கு மேல் கெட்டிப்படும். ஆனால் பாட்டியின் 'டங்' ஓசை மதுரையிலும் குன்னூரிலும் ஒன்றே. அவர் அளப்பது வெப்பநிலையை அன்று, பாகின் செறிவையே! சற்று முன் அவர் வாதத்தைத் தள்ளினோம். இப்போது அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம்.

இந்தச் சர்க்கரைக் கண்ணாடிக்கு ஒரு பலவீனம் உண்டு. நீர் அறவே இல்லாதபோது 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அது இளகும். நூற்றுக்குச் சில பங்கு நீர் உள்ளே புகுந்துவிட்டாலோ, அறை வெப்பநிலையிலேயே இளகிவிடும். நீர் மூலக்கூறுகள் சர்க்கரை மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து, நெருக்கத்தைத் தளர்த்தி, நகர வழி செய்துவிடுகின்றன. விறைப்பாயிருந்த சுவர் அப்போது மிக மிகக் கெட்டியான திரவத்தைப் போல் நடந்துகொள்கிறது. தன் எடையாலேயே மெல்ல மெல்ல வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வேகம்தான். ஆனால் இரண்டு இரவுகள் நீண்ட நேரம் அல்லவா?

அந்த நீர் எங்கிருந்து வந்தது?

காற்றைக் குடிக்கும் வெல்லம்

வடகிழக்குப் பருவமழை குன்னூரை விட்டுச் செல்ல டிசம்பர் ஆகிவிடும். சமவெளியிலிருந்து ஏறிவரும் ஈரக் காற்று கிழக்குச் சரிவில் மோதி மூடுபனியாகத் தேயிலைச் செடிகள் மேல் படுத்திருக்கும். கதவைச் சாத்தினாலும் இந்த ஈரம் உள்ளே வரும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. தோல் செருப்பில் பூசணம் பூக்கும்.

ஊட்டி இருபது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. ஆனால் அந்த வாரம் அங்கே வானம் தெளிந்து, இரவில் உறைபனி விழுந்துகொண்டிருந்தது. உறைபனிக் காற்று குளிர்ந்தது. அதே சமயம் வறண்டது. கணக்கைப் பாருங்கள். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் ஏறக்குறைய 4.8 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 18 டிகிரிக்கு வெப்பமடைந்தால், அது தாங்கக் கூடிய அளவு 15 கிராமுக்குச் சற்று மேலே போய்விடுகிறது. இருப்பதோ அதே 4.8 கிராம். அதாவது ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு அருகில். அக்காவின் வீட்டைப் பாதுகாத்தது அவள் கைத்திறன் அன்று, உறைபனி! (இதை அந்த அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டாள்.)

எல்லாப் பொருளும் ஒரே மாதிரி ஈரத்தை இழுப்பதில்லை. கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புப் படிகம் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சர்க்கரைப் படிகத்திற்கு இந்த எல்லை ஏறக்குறைய 85. பழச்சர்க்கரையான பிரக்டோசுக்கோ 60ஐச் சற்றுத் தாண்டினாலே போதும். வெல்லத்தில் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோசும் பிரக்டோசும் கலந்திருக்கின்றன. அதனால்தான் சர்க்கரை டப்பா சும்மா இருக்க, அடுத்த டப்பாவில் வெல்லம் கசிந்து ஒழுகுகிறது. படிகமாகாத கண்ணாடிச் சர்க்கரை இன்னும் மோசம். அதற்கு எல்லையே இல்லை, கிடைக்கும் ஈரத்தையெல்லாம் இழுக்கும்.

ஒட்டுக் கலவை கல்லாக நின்ற மர்மம் இப்போது விளங்குகிறதா? அதில் இருந்தவை பொடித்த சர்க்கரையின் நுண்படிகங்கள். வெண்கருவின் புரதம் அவற்றைப் பிணைத்திருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்தார்கள் என்பதை அறிவீர்கள். வெண்கரு அங்கேயும் கொத்தனாருக்குத் துணை. ஆனால் இரண்டும் இறுகும் விதம் வேறு. சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவை வாங்கி இறுகுகிறது. சர்க்கரைக் கலவை தன்னிடமுள்ள நீரைக் காற்றுக்குக் கொடுத்து இறுகுகிறது. அவள் அதைப் பூசிய பகலில் சற்று வெயில் அடித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஆக, அவளிடம் சொன்னேன்: "நீ வேகவிட்டது சரிதாம்மா. வெந்த பிறகு காற்று அதைத் திரும்ப நனைத்துவிட்டது."

உடனே அவள் முகம் மலர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அவள் நம்பவில்லை. "நிரூபிக்க முடியுமா சார்?" என்றாள். நல்ல கேள்வி. மூடியுள்ள மூன்று டப்பாக்களை எடுத்துக்கொண்டோம். ஒன்றில், ஒரு கிண்ணத்தில் கல்லுப்பைக் கொஞ்சம் நீர் விட்டுச் சேறு போலக் குழைத்து வைத்தோம். இந்த உப்புச் சேறு டப்பாக் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 75 விழுக்காட்டில் நிறுத்தி வைக்கும். இரண்டாவதில் அப்போதுதான் வறுத்து ஆறவைத்த அரிசி. மூன்றாவதில் ஈரத்துணி. மூன்றிலும் ஒரு வெல்ல பிஸ்கட், ஒரு சர்க்கரை பிஸ்கட். துணியோ சேறோ அவற்றில் படாமல் ஒரு சிறு தட்டின் மேல். கல்லூரி ஆய்வுக்கூடத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்தோம். அரிசி டப்பாவில் இருந்தவை இரு நாள் கழித்தும் உடைக்கும்போது ஒலித்தன. உப்பு டப்பாவில் வெல்ல பிஸ்கட் எடை ஏறி வளைந்தது; சர்க்கரை பிஸ்கட்டும் தளர்ந்தது, ஆனால் மெதுவாக. ஈரத்துணி டப்பாவைப் பற்றி அதிகம் சொல்வானேன்! நீங்களும் செய்து பாருங்கள். தராசு இல்லாவிட்டால் பிஸ்கட்டை இரு பென்சில்களின் மேல் பாலம் போல வைத்து, நடுவில் எத்தனை நாணயம் தாங்குகிறது என்று எண்ணினாலும் போதும்.

கூரையின் தள்ளு

பலகை தளர்ந்தது சரி, சுவர்கள் ஏன் வெளிப்பக்கம் சாய்ந்தன? இது வேறு பாடம். இரு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள். அடிப்பக்கம் வழுக்கி விலகும். சாய்ந்த கூரைப் பலகைகளும் அப்படியே சுவர்த் தலையை வெளியே தள்ளுகின்றன. திருப்புத்திறன் விதிப்படி, ஒவ்வொரு பக்கமும் இந்தத் தள்ளு ஒரு கூரைப் பலகையின் எடையில் பாதியைச் சாய்வுக் கோணத்தின் கோடேன்ஜென்ட்டால் பெருக்கியதற்குச் சமம். பலகை 200 கிராம் என்று கொள்வோம். கூரை 30 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால் தள்ளு 173 கிராம் எடை. 45 டிகிரியில் 100 கிராம். 60 டிகிரியில் 58 கிராம்தான். அவள் கூரை அழகுக்காகத் தாழ்வாக இருந்தது. அக்காவின் கூரையும் அதே தாழ்வுதான். ஆனால் வறண்ட சுவர் அந்தத் தள்ளைத் தாங்கியது, நனைந்த சுவர் தாங்கவில்லை.

பெரிதாகக் கட்டினால் உறுதியாக இருக்குமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவுகளை எல்லாம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கிவிட்டார். 2013இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பிரையன் நகரில் ஏறக்குறைய 1,110 கன மீட்டர் கொள்ளளவுள்ள இஞ்சி ரொட்டி வீடு கட்டி உலக சாதனை படைத்தார்கள். அதன் எலும்பு மரச்சட்டம். ரொட்டி மேல்தோல் மட்டுமே!

அடுத்த டிசம்பரில் அவள் மீண்டும் தொடங்கினாள். இம்முறை வெல்லத்திற்குப் பதில் சர்க்கரை. பலகைகளை இருமுறை சுட்டாள்: ஒருமுறை வேக, ஆறியபின் குறைந்த சூட்டில் இன்னொரு முறை உலர. பிஸ்கட் என்ற சொல்லுக்கே 'இருமுறை சுட்டது' என்றுதான் பொருள். உட்புறம் முழுவதும் உருக்கிய சாக்லேட்டை மெழுகினாள். கொக்கோ வெண்ணெய் நீரை எளிதில் விடாது. கோன் ஐஸ்கிரீமின் உள்ளே சாக்லேட் பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான். நல்ல சாக்லேட் 34 டிகிரி அளவில் உருகும். நீலகிரிக் குளிரில் அது தானாகவே இறுகிக்கொள்ளும். சென்னையில் செய்தால் மின்விசிறிக்கு அடியில் காத்திருக்க வேண்டியதுதான்.

கூரைக்கு என்ன வழி? 60 டிகிரி வை என்றேன் நான். அவள் என்னைக் கேட்கவில்லை. உறவினர்களோடு ஊட்டியில் தோடர் மந்தைப் பார்த்து வந்திருந்தாள். தோடர்களின் பழைய வீட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்: பாதியாக வெட்டிக் கவிழ்த்த பீப்பாய் போன்ற உருவம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்தது. சுவர் வேறு, கூரை வேறு என்று இல்லை; ஒரே வளைவு தரையிலிருந்து எழுந்து தரைக்கே இறங்குகிறது. சுவர்த் தலை என்று ஒன்று இல்லாதபோது கூரை எதைத் தள்ளும்? தள்ளு முழுவதும் நேரே தரைக்குப் போய்விடுகிறது. வளைவு முழுவதும் அழுத்த விசையிலேயே பெரும்பாலும் நிற்கும். பிஸ்கட்டும் செங்கல்லைப் போல, இழுத்தால் உடையும், அழுத்தினால் தாங்கும்.

வளைந்த பிஸ்கட்டைச் செய்வது எப்படி? அடுப்பிலிருந்து எடுத்த உடனே பலகை துணி போல வளையும். பாகு இன்னும் கண்ணாடி ஆகவில்லை. அந்தச் சில நொடிகளுக்குள் அதைக் கவிழ்த்த டின்னின் மேல் படுக்கவைத்தால், ஆறும்போது அந்த வளைவிலேயே உறைந்துவிடும். அவளுக்கு முதல் இரண்டு பலகைகள் விரிந்து வீணாயின. (வீணாயின என்பது அவள் சொல். நான் சாப்பிட்டேன்.) மூன்றாவது சரியாக அமைந்தது. இரண்டாம் முறை உலர்த்தும்போதும் அதை டின்னோடு சேர்த்தே அடுப்பில் வைத்தாள். இல்லாவிட்டால் சூட்டில் இளகி மறுபடி தட்டையாகியிருக்கும். வளைவின் அடிகள் விலகாதிருக்க, தரைப் பலகையில் ஒட்டுக் கலவையால் இரு வரம்புகள் கட்டினாள். முகப்பில், ஊர்ந்து நுழையும் அளவுக்கு ஒரு சிறு வாசல். அசல் வீட்டிலும் வாசல் அவ்வளவு சிறியதுதான்.

அந்த வருடமும் மூடுபனி வந்தது. வீட்டை எங்கே வைப்பது? மலையில் வாழ்பவர்களின் பழைய உபாயம் ஒன்று உண்டு: புத்தக அலமாரிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிடுவார்கள். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 12.8 கிராம் நீராவி தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 90 என்றால் இருப்பது 11.5 கிராம். பல்பின் சூட்டில் அலமாரிக் காற்று 25 டிகிரிக்கு ஏறினால் அது 23 கிராம் தாங்கும். ஈரம் ஒரு துளியும் குறையாமலே ஒப்பு ஈரப்பதம் 50க்கு இறங்கிவிட்டது! எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது சிக்கனமானது, போதிய சூடு தராது. பல்பு பொருத்துவதைப் பெரியவர்களிடம் விடுங்கள். துணியோ காகிதமோ அதன் அருகில் இருக்கக் கூடாது.

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் வீடு, கீழ்த்தட்டில் பல்பு. ராத்திரியில் அந்தச் சிறு வாசல் வழியே உள்ளே மஞ்சள் வெளிச்சம் தெரியும். ஊட்டி அக்காவும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பொங்கலன்று அதை உடைத்தோம். வளைவின் உச்சியைப் பாட்டிக்குக் கொடுத்தாள். அவர் அதை வாயில் போடுமுன் தட்டின் விளிம்பில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது.